மூன்றாம் பீரங்கி சுடவில்லை

அய்யனாருக்குக் காது கேட்காது. இது கச்சிராயபாளையம் டீக்கடைக்குத் தெரியும், ரேஷன் கடைக்குத் தெரியும், மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு இழுக்கிற டிராக்டர்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதது ஒரே ஒரு இடத்துக்குத்தான். அவர் தன் இளமையைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்த பீரங்கிப் படைக்கு.

சொல்லாமல் இல்லை. மகள் மலர்விழி திரும்பத் திரும்ப எழுதிப்போட்டாள். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். இயற்பியல் படித்தவள். சத்தம் எப்படிப் பிறக்கிறது, எந்த அளவைத் தாண்டினால் காதுக்குள் எது செத்துப்போகும் என்பதையெல்லாம் படம் வரைந்து பாகம் குறித்து மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினாள். பதில் வரலாற்று வாரியத்திலிருந்து வந்தது. காது மனு எதற்கு வரலாற்று வாரியத்துக்குப் போனது என்று கேட்கக்கூடாது. பீரங்கிப் படையில் எந்த வலியும் முதலில் வரலாற்றில் இடம்பெற வேண்டும். இடம்பெற்ற பிறகே வலிக்க அனுமதி.

பதில் இப்படி இருந்தது: 'படை வரலாறு, நான்காம் தொகுதியின்படி, அன்றைய பயிற்சியில் முதல் பீரங்கி சுட்டது. இரண்டாம் பீரங்கி சுட்டது. மூன்றாம் பீரங்கி சுடவில்லை. சுடாத பீரங்கி சத்தம் எழுப்பாது. எழாத சத்தம் எவர் காதையும் கெடுக்காது. எனவே மனுதாரரின் செவிட்டுத்தன்மை அவருடைய சொந்த முயற்சி என வாரியம் கருதுகிறது.'

நடந்தது என்ன என்று அய்யனாரைக் கேட்டால் சொல்வார். கேட்க வேண்டியதுகூட இல்லை. காது போனவர் குரல் தெருமுனை வரை போகும்.

அவர் மூன்றாம் பீரங்கியில் குண்டு ரொப்புகிற ஆள். பீரங்கி சுடும்போது அதைச் சேர்ந்தவர்கள் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு வாயைத் திறந்து குனிய வேண்டும். வாயைத் திறந்தால் அழுத்தம் காதுக்குள்ளேயே அடைபடாது என்பது அவர்கள் கணக்கு. அதற்கு முதலில் 'சுடு' என்று கட்டளை வர வேண்டும். அன்றைக்கு வரவில்லை. தலைமையகத்துப் பெரியவர் ஒருவரின் மச்சான் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அப்போது மேஜராக இருந்த அரங்கநாதன், 'தொட்டுப் பாருங்கள்' என்று மூன்றாம் பீரங்கியின் சுடுகயிற்றை மரியாதை நிமித்தமாக அவர் கையில் கொடுத்தார். மச்சான் தொட்டதோடு நிற்கவில்லை, இழுத்துவிட்டார். அய்யனார் அப்போது நிமிர்ந்து நின்று மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார்.

ஒரு காது அன்றைக்கே போனது. இன்னொன்று அதைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

இன்னும் குறி வைக்காத பீரங்கி அது. குண்டு பறந்துபோய், ஆள் இல்லாத ஒரு கூடாரத்தின்மேல் விழுந்தது. அது படை வரலாற்றுக் கண்காட்சிக் கூடாரம். முதல் மூன்று தொகுதிகளின் கையெழுத்துப் படிகள் அங்கேதான் இருந்தன. படையின் வரலாற்றைப் படையே சுட்டுவிட்டது என்று எழுத முடியுமா? அதனால் பீரங்கிப் படையின் வரலாறு இன்றுவரை நான்காம் தொகுதியிலிருந்துதான் தொடங்குகிறது. எழுதியவர் அரங்கநாதன். இப்போது அவர் கர்னல், வாரியத்தின் தலைவர்.

இவ்வளவும் மலர்விழிக்கு மனப்பாடம். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், சரி விடு என்று ஒரு கட்டத்தில் விட்டிருந்தாள். விட முடியாமல் போனது போன கரும்பு வெட்டில்தான். ஆலைக்குப் போகிற ரோட்டில் கரும்பு டிரெய்லர் ஒன்று பின்னால் வந்தது. ஓட்டுகிறவன் ஆரன் அடித்தான். அய்யனார் அந்த வழியிலேயே குந்தி பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். கூட வேலை செய்த அவர் பெண்டாட்டி ஜெயம்மாள் பாய்ந்துபோய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததில் சட்டை கிழிந்தது, ஆள் பிழைத்தார். அன்றிலிருந்து ஜெயம்மாள் தனியாக எந்த வேலைக்கும் போவதில்லை. புருசனுக்கு முன்னாலும் பின்னாலும் நடப்பதே அவளுக்கு வேலை.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: மண்டைக்குள் ஒரு கருவி வைத்தால் கேட்கும். ஆனால் உள்ளே நரம்பு வாடிக்கொண்டிருக்கிறது, தை பிறப்பதற்குள் வைக்க வேண்டும், அப்புறம் வைத்தாலும் பிரயோசனமில்லை. படை ஆஸ்பத்திரியில் வைப்பார்கள். ஆனால் காது படையில் போனது என்று படை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கார்த்திகை வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் வாரியத்திடமிருந்து அடுத்த தகவல். படை தன் பெருமையை மக்களிடம் எடுத்துச்செல்ல மூன்று பீரங்கிகளோடு ஊர் ஊராக 'வரலாற்று யாத்திரை' வருகிறது. கள்ளக்குறிச்சிக்கும் வரும். அய்யனாரின் காதை அப்போது நேரில் விசாரிப்பார்கள்.

* * *

விசாரணை துருகம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முதல் நாள் முகூர்த்தம் முடிந்த மண்டபம். மேடையில் 'எழில்மதி – பகலவன்' என்று பூவால் எழுதிய எழுத்து அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, மாப்பிள்ளை உட்கார்ந்த சிவப்பு நாற்காலியில் கர்னல் அரங்கநாதன். பொண்ணு உட்கார்ந்த நாற்காலியில் நான்காம் தொகுதி. பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் படை மருத்துவர் கேப்டன் சுபஸ்ரீ, மடியில் ஒரு பெட்டியோடு. பின்னால் விறைப்பாக நின்ற ஆளைப் பார்த்ததும் அய்யனாருக்கு முகம் மலர்ந்தது. சுபேதார் ராமசாமி. அன்றைக்கு மூன்றாம் பீரங்கிக்குத் தலைவர் அவர்தான்.

"ராமசாமி சாரு," என்று அய்யனார் மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். "மீச இன்னா நரச்சிப் போச்சி."

சுபேதார் அசையவில்லை. மீசை மட்டும் கொஞ்சம் அசைந்தது.

கர்னல் எழுந்தார். "பீரங்கிப் படையின் வரலாறு எழுதப்பட்டது அல்ல, முழங்கப்பட்டது," என்று தொடங்கினார். "எமது படை இதுவரை தோற்றதில்லை. தோற்ற இடங்களில் எமது படை இருந்ததில்லை. அதை நான்காம் தொகுதியில் நிறுவியிருக்கிறேன். எமது பீரங்கி ஒருபோதும் தவறாகச் சுட்டதில்லை. தவறாகச் சுட்ட தருணங்களில் அது சுடவேயில்லை. அதையும் நிறுவியிருக்கிறேன்."

முன்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். சாப்பாடு உண்டு என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார்கள்.

மலர்விழி எழுந்தாள். "ஐயா, பீரங்கி சுட்டதாலதான் எங்கப்பா காது போச்சி. அன்னைக்கி அங்க நீங்களே இருந்தீங்க."

"இருந்தேன். அதனால்தான் சொல்கிறேன். கட்டளை கொடுக்கப்பட்டதா?"

"இல்லீங்க. அதான் பிரச்சினையே. கட்டளை இல்லாமலேயே—"

"கட்டளை இல்லாமல் பீரங்கி சுடாது. கட்டளை இல்லை என்று நீயே சொல்கிறாய். முடிந்தது."

"சத்தங்கறது அலைங்க. கட்டளை இருந்தாலும் இல்லாட்டியும் காத்துல வரும்."

"பெண்ணே, படித்திருக்கிறாய், சந்தோஷம். சத்தம் என்பது சிவிலியன்களுக்குத்தான் அலை. ராணுவத்தில் சத்தம் என்பது அனுமதி."

கேப்டன் சுபஸ்ரீ மடியில் இருந்த பெட்டியைத் திறந்தாள். "சார், காது பரிசோதிக்கற கருவி கொண்டுவந்திருக்கேன். கொஞ்ச நேரத்துல தெரிஞ்சிடும்."

"கேப்டன், கருவி காதைச் சோதிக்கும். நாம் சோதிக்க வேண்டியது பீரங்கி வீரனை. பெட்டியை மூடுங்கள். சுபேதார்."

சுபேதார் ராமசாமி அய்யனாரை மேடை நடுவே நிறுத்தி, முதுகைக் காட்டித் திரும்பச் சொல்லிக் கையைக் காட்டினார். அய்யனார் சபையைப் பார்த்துச் சிரித்தபடி தளர்வாக நின்றார். என்ன நடக்கப்போகிறது என்று மலர்விழிக்கு அப்போதுதான் பிடிபட்டது. மேடை பலகை போட்டது. சுபேதார் காலில் லாடம் அடித்த பூட்ஸ்.

அப்பா, திரும்பாதே. நகராதே. அப்படியே நில்லு. வாயைத் திறக்காமல் கண்ணாலேயே சொல்லிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துக் கையாட்டினார்.

"சாவ்...தான்," என்று, விறைத்து நிற்கச் சொல்லும் கட்டளையைச் சுபேதார் கத்தினார். கத்தின கையோடு, படையில் எல்லாரும் செய்கிற மாதிரி, காலைத் தூக்கிப் பலகையில் ஓங்கி மிதித்தார்.

பலகை அதிர்ந்தது. அய்யனாரின் சிரிப்பு அணைந்தது. முதுகு நிமிர்ந்தது, குதிகால்கள் ஒட்டின, கைகள் தொடையோடு பசை போட்ட மாதிரி விழுந்தன. அப்படியே நின்றார். ஊருக்குத் திரும்பி எத்தனையோ காலம் ஆகியும் அந்த உடம்புக்கு மட்டும் யாரும் விடுதலை கொடுத்திருக்கவில்லை.

"கேட்கிறது," என்றார் கர்னல்.

"காதால கேக்கலீங்க," என்று ஜெயம்மாள் முன்னால் ஓடி வந்தாள். "பூட்ஸு மிதிச்சாருங்க. பலகை அதிர்ந்து காலுக்குத் தெரிஞ்சிதுங்க. வூட்டுலகூட அப்படித்தாங்க, நான் ஒலக்கைய போட்டா திரும்பிப் பாக்கும்."

"காலால் கேட்கிறாரா?" கர்னலின் முகத்தில் உண்மையிலேயே பெருமிதம் தெரிந்தது. "அம்மா, காதால் எவனும் கேட்பான். இவரைக் காலால் கேட்க வைத்தது யார்? பீரங்கிப் படை. ஒரு உறுப்பை எடுத்துக்கொண்டு முழு உடம்பையும் காதாகத் திருப்பித் தந்திருக்கிறோம். நியாயப்படி நன்றிக் கடிதம் அல்லவா வந்திருக்க வேண்டும்?"

"காது நல்லாருக்குன்னு நான் கையெழுத்து போட மாட்டேன் சார்," என்றாள் கேப்டன். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மைக் பக்கத்தில் இருந்தது.

கர்னல் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு நாற்காலியிலிருந்த தொகுதியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மருத்துவம் தயங்கினால் வரலாறு பேசட்டும். நாளை காலை கோமுகி அணைக்கு மேலே உள்ள தரிசில், அன்றைய பயிற்சியை அப்படியே நடித்துக் காட்டுவோம். வெற்று மருந்துதான், குண்டு கிடையாது. முதல் பீரங்கி சுடும். இரண்டாம் பீரங்கி சுடும். மூன்றாம் பீரங்கி சுடாது. இவர் அன்று நின்ற இடத்திலேயே நிற்பார். முடிந்ததும் இவரிடம் ஒரே ஒரு கேள்வி. மூன்றாம் பீரங்கி சுட்ட சத்தம் கேட்டதா? அதற்கு அவர் சொல்லும் பதிலோடு கோப்பு மூடப்படும்."

* * *

பஸ் ஸ்டாண்டில் சுபேதார் ராமசாமி தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். மலர்விழி நேராகப் போய் முன்னால் நின்றாள்.

"நீங்க அன்னைக்கி பக்கத்துலதான இருந்தீங்க. சொன்னா இன்னா?"

"என்ன யாரும் கேக்கலியேம்மா."

"நான் கேக்கறேன்."

"நீ கேட்டா எப்படி? மேல இருந்து கேக்கணும்." டீயை ஊதினார். "நான் சுபேதார். எழுதியிருக்கறத எழுத்துக்கு எழுத்து செய்வேன். எழுதாததப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன். நாலு படில ஏறி வந்தது இப்படித்தான்."

"எங்கப்பா உங்க பேர சொல்லாத நாள் கெடையாது."

"தெரியும்," என்றார் அவர். டம்ளரில் டீ மீதி இருந்தது. அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பஸ்ஸில் ஜெயம்மாள் கேட்டாள், "நாளைக்கி கேட்டா, இன்னாடி சொல்லணும்?"

மலர்விழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மண்டபத்திலேயே அவளுக்கு அது தெரிந்துவிட்டது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. "கேக்கலன்னு சொன்னா, பீரங்கி சுடல, அதான் கேக்கலன்னு எழுதிக்குவாங்க. கேட்டுச்சின்னு சொன்னா, காது நல்லாத்தான் இருக்குதுன்னு எழுதிக்குவாங்க."

ஜெயம்மாள் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள். "ரெண்டும் அவுங்க பக்கமே போவுது."

"ஆமா."

"அப்ப நாளைக்கி நாம போறது எதுக்கு?"

"போவலன்னா இன்னைக்கே மூடிடுவாங்க."

முன் சீட்டில் இருந்த அய்யனார் திரும்பினார். அவருக்கு இது எதுவும் தெரியாது. "கர்னலு எளச்சிப்போயிட்டாரு, பாத்தீங்களா," என்று பஸ்ஸுக்கே சொன்னார். "சாப்பாடு சரியில்ல போலக்கீது. பாவம், நல்ல மனுசன்."

மலர்விழிக்கு அந்தக் குரலை அப்படியே பிடித்து ஜன்னல் வழியாக வெளியே எறிய வேண்டும்போல் இருந்தது.

* * *

மூன்று பீரங்கிகளும் விடிந்ததுமே தரிசுக்கு வந்துவிட்டன. கூடவே ஒரு அறிவிப்பும் வந்தது. மற்ற படைகளுக்குக் கொடி எப்படியோ, பீரங்கிப் படைக்குப் பீரங்கி அப்படி. கடந்து போகிறவர்கள் நின்று சல்யூட் வைத்துவிட்டுப் போக வேண்டும். முன்னால் குறுக்கே நடக்கக்கூடாது. முதுகு சாயக்கூடாது. தலையில் புல்லுக்கட்டு வைத்திருந்த பொம்பளைகளுக்கு, கை தூக்க முடியாது என்பதால், கண்ணை மூடித் திறந்தால் போதும் என்று பிறகு சலுகை அளிக்கப்பட்டது. இரண்டாம் பீரங்கியின் சக்கரத்தில் முதுகைத் தேய்த்த வெள்ளாடு ஒன்றைக் காவலில் வைத்திருந்தார்கள். ஆட்டுக்காரன் கயிற்றுக்கு அப்பால் உட்கார்ந்து, அதன்மேல் என்ன குற்றம் எழுதியிருக்கிறது என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தான்.

வெயில் ஏறியது. பின்னால் கல்வராயன் மலை நீலமாக, யாருக்கும் சல்யூட் வைக்காமல் நின்றது. கூட்டத்தைக் கயிறு கட்டித் தூரத்தில் நிறுத்தியிருந்தார்கள். மனுதாரர் தரப்புக்கு மட்டும் உள்ளே வர அனுமதி. ஜெயம்மாள் அந்தப் பீரங்கி பக்கமே வரமாட்டேன் என்று கயிற்றுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். மலர்விழி மூன்றாம் பீரங்கியின் சக்கரத்துக்குச் சற்றுத் தள்ளி நின்றாள். அய்யனார் தன் பழைய இடத்தில், இடுப்பில் லுங்கிக்குப் பதிலாகக் கடன் வாங்கிய பேண்ட்டோடு, தாடையைத் தூக்கி நின்றார். சுபேதாரும் ஆட்களும் மருந்து ரொப்புவதை அவர் கண் ஒவ்வொரு அசைவாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் பீரங்கிக்குக் கட்டளை வந்தது. எல்லாரும் காதைப் பொத்தினார்கள். சுட்டது. மலையில் போய் முட்டித் திரும்பி வந்தது சத்தம். புளிய மரத்துக் காக்கா அத்தனையும் எழும்பியது. இரண்டாம் பீரங்கியும் சுட்டது. மலர்விழிக்கு வயிற்றுக்குள் யாரோ குத்தின மாதிரி இருந்தது. காதைப் பொத்தியவர்களுக்கே இப்படி.

அப்புறம் கர்னல் மைக்கை வாங்கினார். "மூன்றாம் பீரங்கி," என்றார். காதிலிருந்த பஞ்சை இரண்டு பக்கமும் பிடுங்கித் தரையில் போட்டார். "சுடாத பீரங்கிக்குப் பஞ்சு எதற்கு? அது நான்காம் தொகுதியை நம்பாத செயல்." பந்தலில் இருந்த பிரமுகர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பஞ்சை எடுத்தார்கள். தூரத்தில் இருந்ததால் அவர்களுக்கு அந்தத் துணிச்சல். கேப்டன் சுபஸ்ரீ எடுக்கவில்லை. சுபேதாரும் அவர் ஆட்களும்கூட எடுக்கவில்லை.

கர்னல் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். "சுடவில்லை," என்று அறிவித்தார். "இப்போது அந்தக் கேள்வி." கேள்வி எழுதிய பலகையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஜவான் அய்யனாரை நோக்கி நடந்தான்.

அவன் போய்ச் சேர்ந்துவிட்டால் முடிந்தது. அப்பா வாயிலிருந்து எது வந்தாலும் முடிந்தது. மலர்விழி குறுக்கே போய் நின்றாள். பீரங்கிக்கு முன்னால் குறுக்கே நடக்கக்கூடாது என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

"கயிற இழுக்கவேயில்லையேங்க," என்றாள். "இழுக்காட்டி எந்தப் பீரங்கியுந்தான் சுடாது. அன்னைக்கி ஒருத்தரு இழுத்தாரு."

கூட்டத்தில் சலசலப்பு. கர்னல் சிரித்தார். "இழுத்தாலும் சுடாது. எழுதியாகிவிட்டது."

"இழுத்தாலும் சுடாதுங்களா?"

"சுடாது."

"அப்ப நீங்களே இழுத்துக் காட்டுங்க. இத்தன பேரு பாக்கறாங்க."

பந்தலில் யாரோ இருமினார்கள். கர்னல் பிரமுகர்களைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், செல்போன்களைத் தூக்கிப் பிடித்திருந்த பையன்களைப் பார்த்தார். மைக்கை ஜவான் கையில் கொடுத்தார். தொகுதியை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக மூன்றாம் பீரங்கிக்குப் பக்கத்தில் வந்து, தொங்கிய கயிற்றை எடுத்தார்.

சுபேதார் ராமசாமியின் நெற்றியிலிருந்து வியர்வை மீசைக்கு இறங்குவதை மலர்விழி பார்த்தாள். கேப்டனும் பார்த்துவிட்டாள். "சுபேதார் சாப், இதுல மருந்து இருக்கா?"

சுபேதார் வாயைத் திறந்தார். "மேடம், அது வந்து—"

"கேப்டன்," என்றார் கர்னல், திரும்பாமலே. "இது வரலாற்று நிகழ்ச்சி. சுபேதாரைக் கேட்காதீர்கள், தொகுதியைக் கேளுங்கள். சுபேதார், வாயை மூடுங்கள்."

சுபேதார் வாயை மூடினார். கட்டளை அது.

சுடாது என்று நம்பித்தான் மலர்விழி சவால் விட்டிருந்தாள். இழுத்தும் சுடாமல் போனால், கேள்விக்கு முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும், அதற்குள் வேறு ஏதாவது தோன்றும், அவ்வளவுதான் அவள் திட்டம். இப்போது சுபேதாரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அய்யனார் கர்னலின் முகத்தைப் பார்க்கவில்லை. கயிறு விறைப்பாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கணம் அவர் தன் இடத்தில் இல்லை. சாவ்தான் என்றால் செத்தாலும் நகராத அந்த மனுஷன் ஓடி வந்தார். மகளை ஒரே இழுப்பில் சக்கரத்துக்குக் கீழே குனிய வைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் அவள் காதுகளில் வைத்து அழுத்தினார். கரும்புச் சோகை அறுத்து அறுத்துக் காய்த்துப்போன கைகள். முகத்துக்கு நேரே தன் வாயை ஆவென்று திறந்து காட்டினார். திற, திற.

அவள் திறந்தாள்.

கர்னல் கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "பார்த்தீர்களா? தன் பீரங்கியைக் கைவிட்டு ஓடுகிறவனுக்குத்தான் காது—"

இழுத்தார்.

* * *

புகை கலைய நேரம் பிடித்தது. வெள்ளாடு கயிற்றை அறுத்துக்கொண்டு மலைப்பக்கம் போய்விட்டது. மலர்விழியின் காதில் அப்பாவின் கைகள் இன்னும் அப்படியே இருந்தன. அவற்றை விலக்கினால் என்ன இருக்கும் என்று பயந்து, மெதுவாக விலக்கினாள். அம்மா கத்துவது கேட்டது. கேட்டது.

கர்னல் நின்ற இடத்திலேயே நின்றார். ஒரு கையில் கயிற்று நுனி, கக்கத்தில் தொகுதி. தொப்பி இல்லை. வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பிறகு குரல் வந்தது. தெருமுனை வரை போகிற குரல்.

"என்ன ஆயிற்று? ஏன் யாரும் பேசவில்லை?"

எல்லாரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மலர்விழி எழுந்து அவர் முகத்துக்கு நேரே போய் நின்றாள். "ஒண்ணும் ஆவலீங்க. மூணாவது பீரங்கி சுடல."

"என்ன?"

"சுடலன்னு சொன்னேன்."

"என்ன? என்ன?"

கேப்டன் சுபஸ்ரீ அவரை ஒரு பெட்டியின்மேல் உட்கார வைத்து, டார்ச் அடித்துக் காதுக்குள் பார்த்தாள். ஒரு காதிலிருந்து மெல்லிசாக ரத்தம் இறங்கியது. மலர்விழி அந்த இடைவெளியில் சுபேதாரிடம் போனாள். "சுடாத பீரங்கிக்கு ஏங்க மருந்து ரொப்புனீங்க?"

"வரிசையில நிக்கற பீரங்கி எல்லாத்தையும் ரொப்பணும். அது டிரில்லு," என்றார் அவர். "சுடலன்னுதான் அதுல எழுதியிருக்குது. ரொப்பலன்னு எழுதலியே."

"அன்னைக்கி நடந்ததயும் இதே மாதிரி சொல்லியிருக்கலாம்."

அவர் பீரங்கிச் சக்கரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் நன்றி சொல்லவில்லை. அவர் ரொப்பியது டிரில்லுக்காகவா, டம்ளரில் மீதி வைத்த டீக்காகவா என்று அவள் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

கேப்டன் நிமிர்ந்தாள். அய்யனாருக்காக எழுதிய பலகையை வாங்கி, துடைத்து, பெரிய எழுத்தில் எழுதிக் கர்னல் முன்னால் பிடித்தாள். 'இன்றைக்கே படை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினால் காப்பாற்றலாம். சேர்க்கக் காரணம் வேண்டும். எந்தச் சத்தத்தால்?'

கர்னல் படித்தார். "பீரங்கி," என்று கத்தினார்.

அவள் அடுத்த வரியை எழுதினாள். 'எந்தப் பீரங்கி?'

தரிசில் அப்போது யாரும் அசையவில்லை. கயிற்றுக்கு வெளியே செல்போன்கள் அப்படியே நின்றன. கர்னல் கக்கத்திலிருந்த தொகுதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முதல் பீரங்கியைப் பார்த்தார். அது வெகுதூரத்தில் இருந்தது. இரண்டாம் பீரங்கியைப் பார்த்தார். அவர் அப்போது காதில் பஞ்சோடு இருந்ததை ஊரே பார்த்திருந்தது. கையைத் தூக்கிக் காதைத் தொட்டார். விரலைப் பார்த்தார். ரத்தம்.

அய்யனார் அவருக்கு முன்னால் போய்க் குந்தினார். "சீக்கிரம் சொல்லிடுங்க சார்," என்றார் கெஞ்சலாக. "நாளு போனா நரம்பு வாடிடுமாம். எனக்கு அப்படித்தான் ஆயிப்போச்சி."

அவர் சொன்னது கர்னலுக்குக் கேட்கவில்லை. கர்னல் அவர் முகத்தையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வாயைத் திறக்காமல், மூன்று விரலைக் காட்டினார்.

கேப்டன் எழுதினாள். 'மூன்றாம் பீரங்கி. கட்டளையின்றிச் சுட்டது. பாதுகாப்பின்றி அருகில் நின்றவர் செவி இழந்தார்.' அதே வாசகத்தை அடுத்த தாளிலும் எழுதினாள். முதல் தாளில் ஒரு பெயர், இரண்டாவதில் இன்னொரு பெயர். இரண்டையும் சேர்த்து, பேனாவோடு, தொகுதியின் அட்டைமேல் வைத்தாள்.

கர்னல் தன் பெயர் போட்ட தாளில் கையெழுத்திட்டார். மற்றதைப் பார்த்ததும் பேனா நின்றது. "இது எதற்கு? இவர் பழைய வழக்கு," என்று கத்தினார்.

கேப்டன் பலகையில் எழுதினாள். 'அதே பீரங்கி, அதே கயிறு. இவருடையது பொய்யென்றால் உங்களுடையதும் பொய். இரண்டும் சேர்ந்து போகும், இல்லையென்றால் இரண்டும் இங்கேயே இருக்கும்.'

தூரத்தில் ஜீப்பைக் கிளப்பிப் பின்னால் எடுத்தார்கள். அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது, இரண்டு பேரைத் தவிர. ஜீப் நேராக அவர்கள் பக்கம்தான் பின்வாங்கி வந்தது. ஜெயம்மாள் கயிற்றைத் தாண்டி ஓடி வந்து அய்யனாரை ஒரு கையால் இழுத்தாள். கொஞ்சம் யோசித்து, கர்னலின் சட்டைக் காலரையும் இன்னொரு கையால் பிடித்து இழுத்தாள். பெட்டியோடு சேர்த்து அவர் சாய்ந்தார். ஜீப் அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் வந்து நின்றது.

கர்னல் தரையில் உட்கார்ந்தபடியே சக்கரத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். மலர்விழி இரண்டாவது தாளையும் பேனாவையும் எடுத்து அந்தக் கையில் வைத்தாள். கையெழுத்து கோணலாக வந்தது. செல்லும் என்றாள் கேப்டன்.

ஜீப்பில் இரண்டு செவிடர்களும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள், அய்யனார் பக்கத்தில் ஜெயம்மாளும் மலர்விழியும். அணையைத் தாண்டும்போது கர்னலுக்குப் பழைய மிடுக்கு திரும்பிவிட்டது. "எவ்வளவு பெரிய சத்தம் தெரியுமா?" என்று அய்யனாரின் முகத்துக்கு நேரே கத்தினார். "அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். உங்களுக்கெல்லாம் சொன்னால் புரியாது."

அய்யனார் மரியாதையாகத் தலையாட்டினார்.

"கொஞ்சம் மெதுவா பேசச் சொல்லுடி அந்தாள," என்றாள் ஜெயம்மாள். "நமக்குக் காது கேக்குது."